சமதரை இல்லாத ஊரில் ஒரு கூடை லொறி

பிலிமத்தலாவையில் பாவித்த வாகனங்கள் விற்கிற யார்டு ஒன்றில்தான் என் வீட்டுக்காரர் அந்த லொறியைக் கண்டார். ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தது. முதுகில் மடக்கிய நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் ஆள் நின்று வேலை செய்ய ஒரு கூடை. உயரமான கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் அவருடைய தொழில். சாரம் கட்டிக் கட்டி அலுத்துப்போன மனிதருக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.

வாங்கும்போது நாங்கள் பார்க்காததா? நல்ல நாள் பார்த்தோம். தெல்தோட்டையிலிருந்து அவருடைய அண்ணன் வந்து டயரைத் தட்டிப் பார்த்தார், எஞ்சினுக்குக் காது வைத்துக் கேட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கூடைக்கு மாலைகூடப் போட்டோம். யார்டின் கொங்கிறீட் தரையில், லொறி சாயாமல் தாங்க அதன் பக்கங்களிலிருந்து இறங்கும் நான்கு இரும்புக் கால்களையும் ஊன்றியதும் கை வழுக்கிக்கொண்டு மேலே போனது. "கால் ஊன்ற எடம் மட்டமா, கெட்டியா இருக்கணும். இல்லாட்டி இதுல உள்ள அலாரம் கத்தும்," என்றார் யார்டுக்காரர். எல்லாரும் தலையாட்டினோம். கண்டிப் பக்கத்தில் மட்டமான இடத்துக்கு எங்கே போவது என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

கத்தியது. அம்மாடி, என்ன கத்து! பலகை வைத்தாலும் டயர்த் துண்டு வைத்தாலும், எங்கே கால் ஊன்றினாலும் ஒப்பாரிதான். அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். கூடக் கொத்து வேலை செய்த மேசன்பாஸ், "அக்கா, புள்ள அழுவுது, பால் குடுங்க," என்று என்னைக் கிண்டல் பண்ணுவார். ஒருநாள் இவர் குறடு ஒன்றை எடுத்து அந்த அலாரத்தின் வயரை வெட்டிவிட்டார். "சனியன் ஒழிஞ்சிச்சு," என்றார். அன்றிலிருந்து வேலை சத்தமில்லாமல் நடந்தது.

பேராதனைக்குக் கொஞ்சம் தள்ளி, சரிவில் மண் நிரப்பிக் கட்டிய ஒரு கல்யாண மண்டபம். முதல்நாள் முழுக்க மழை. நான் சாப்பாடு கொண்டுபோன நேரம் இவர் மூன்றாம் மாடி உயரத்தில் கூடையில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழே லொறியின் முன்கால் ஒன்று பலகையோடு சேர்ந்து மண்ணுக்குள் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன். மெதுவாகத்தான், சத்தமே இல்லாமல் இறங்கியது. லொறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடை போய்ச் சுவரில் இடித்து, அங்கேயே கோணலாகத் தொங்கியது.

"யாரும் லொறியத் தொடாதீங்க! கை அசைஞ்சா மொத்தமாப் போயிரும்!" என்று மேலேயிருந்து கத்தினார். லொறியைப் பிடிக்க ஓடிய வேலையாட்கள் நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மேசன்பாஸ் மட்டும் இரும்பு அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடினார். கூடைக்குப் பக்கத்தில் மாடிப்படி ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் கிரில்லை அறுத்தால் ஆளை உள்ளே இழுக்கலாம்.

அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாங்கிப் பிடிக்க ஏதும் உண்டா? ஏறிப்போக வழி உண்டா? ஒன்றும் இல்லை. முருகா முருகா என்று சொல்வதைத் தவிர நான் எதற்கும் உதவாத ஜென்மமாக நின்றேன். அந்த இரும்பைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அதைத் தொடக்கூட முடியாது.

"புள்ள, நீ வீட்டுக்குப் போ!" என்றார் அவர், கூடையிலிருந்து என்னைப் பார்த்து.

"போக மாட்டேன்!"

"சொன்னா கேளு. போ!"

விழுவதை நான் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார். அது விளங்கியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கிரில் கழன்றது. உள்ளேயிருந்து இரண்டு கைகள் நீண்டன. ஆனால் இவருடைய இடுப்பு பெல்ட் கூடையோடு மாட்டியிருந்தது. அதைக் கழற்றினால்தான் ஜன்னலுக்குப் போக முடியும். கழற்றினார். கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், எதிலும் மாட்டாமல், ஒரு காலைத் தூக்கினார். நான் கண்ணை மூடிவிட்டேன். "ஆள் உள்ள வந்துட்டாரு அக்கா!" என்று மேசன்பாஸ் கத்திய பிறகுதான் திறந்தேன்.

மாடிப்படியில் இறங்கி வந்தவர் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாசமாப் போன சாமான். இன்னைக்கே வித்துத் தொலைங்க," என்றேன்.

"வாங்குறவனும் ஏறத்தானே வாங்குவான்," என்றார்.

அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். "விக்காம வச்சிருந்தா நீங்கதானே ஏறுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா புள்ள," என்றார்.