இரண்டாக வெட்டிய புத்தகம்

மாமா இப்போது பேராசிரியர். மேடையில் யாராவது அவருக்குப் பொன்னாடை போர்த்துவதைக் கண்டால் எனக்கு இன்றும் உடம்பு பற்றி எரிகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது, அம்மாவும் அம்மாவின் தம்பியான இந்த மாமாவும் ஒரே வகுப்பில் முதுகலை படித்தார்கள். இருவரும் பாடசாலை ஆசிரியர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தடித்த புத்தகம் ஒன்றை எல்லோரும் கட்டாயம் வாங்க வேண்டுமென்றார் விரிவுரையாளர். போட்டோக்கொப்பியோடு போனவர்களை வகுப்புக்குள் விடவில்லை. எங்களால் வாங்கக்கூடிய விலையா அது? இருவரும் சேர்ந்து ஒன்றை வாங்கி, புதுக்கடையில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து நடுவால் வெட்டுவித்தார்கள். முன்பாதி அம்மாவுக்கு, பின்பாதி மாமாவுக்கு, பிறகு மாற்றிக்கொள்வது என்று பேச்சு.

மாற்றும் நாளில் அம்மா தன் பாதியைக் கொடுத்துவிட்டார். மாமாவின் பாதி வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்றார். பிறகு போனையும் எடுக்கவில்லை. பரீட்சை நெருங்க, அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார்.

மாமாவின் மேசையில் இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"ஒரு நாளைக்குத் தா. போட்டோக்கொப்பி அடிச்சிட்டுத் தாறன்," என்றார் அம்மா.

"உங்களுக்கு என்னத்துக்கு அக்கா? அத்தான்ர சம்பளம் இருக்கு. முதலாவதா வாற ஆளுக்குத்தான் கம்பஸ்ல விரிவுரையாளர் வேலை. அது எனக்கு வேணும்."

"அதுக்கு நான் படிக்கக் கூடாதோ?"

மாமா புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். மாமி எனக்கு பிஸ்கட் நீட்டினார். நான் அதைத் தட்டிவிட்டேன். அம்மா என்னை அதட்டவில்லை.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

"விடும். அவன் ஆம்பிளை, அவனுக்கு ஒரு நல்ல வேலை வேணும்தானே. நீர் அடுத்த வருசம் எழுதலாம்."

அம்மா கோப்பையை வாங்கினார். நேராகக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணியை சிங்கில் ஊற்றினார். அப்பாவோடு பல நாட்கள் கதைக்கவில்லை. பரீட்சையும் எழுதவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமா மேலிருந்த கோபத்தை அம்மா அநியாயமாக அவர்மேல் காட்டுகிறார் என்றே நினைத்தேன். அந்தக் கோபம் அப்பாவுக்கே உரியதென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.