பழங்குழம்பு கேட்ட விஞ்ஞானி

எங்கள் பக்கத்தில் படித்துத் தேறிய பையன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவான். நான் சென்னைக்கு ரயில் ஏறி ரசாயனம் படித்தேன். ரங்கூன்காரர்கள் தேக்கு மரத்தோடு திரும்பினார்கள். நான் கண்ணாடிக் குழாய்களோடு. காரைக்குடியில் ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, சமையல் பாத்திரங்களிலிருந்து உணவில் இறங்கும் செம்பையும் காரீயத்தையும் ஆராய ஆரம்பித்தேன். ஆச்சி என்றால் என் உடன்பிறந்த அக்காள். என்னைத் தேடி வந்தவர்களெல்லாம் இருமலுக்கு மருந்துதான் கேட்டார்கள்.

"செம்பு துளி உடம்புக்கு வேணும் ஆச்சி, கூடினா விஷம்" என்று ஒருநாள் விளக்கினேன்.

"வேணுமா வேணாமா? ஒண்ணைச் சொல்லு" என்றாள்.

அந்த வருஷம் ஆச்சி மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், சாப்பிட்ட சற்று நேரத்திற்கெல்லாம் வரிசையாக வாந்தியெடுத்தார்கள். பழி சமையல்காரர் தலையில் விழுந்தது. அறுபதை நெருங்கிய மனிதர், இருபது வருஷமாக அந்த வீட்டு அடுப்பில் இருந்தவர். வெள்ளிக்கிழமையோடு கிளம்பலாம் என்று ஆச்சி சொல்லிவிட்டாள்.

அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். "செப்பு அண்டாவுல ஈயப்பூச்சு போச்சுன்னு ரெண்டு மாசமாச் சொல்றேன் தம்பி. விருந்துக்குன்னு முந்தின நாளே வச்ச புளிக்கொழம்பு ராவெல்லாம் அதுலதான் கெடந்துச்சு. நீகதான் இதைப் படிச்சவுக. ஆச்சிகிட்ட சொல்லக் கூடாதா?"

என் ஆராய்ச்சிக்கு முதல் வாடிக்கையாளர்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆச்சியிடம் போய், அதே அண்டாவில் இன்று புளிக்குழம்பு வைத்து, நாளைக் காலையில் ஒரு கிண்ணம் எனக்கு அனுப்பச் சொன்னேன். தேய்த்த இரும்பு ஆணியை அதில் போட்டால், செம்பு இருக்கிற பட்சத்தில் ஆணி மேல் சிவப்பாகப் படியும். ஆச்சி சரியென்றாள்.

காலையில் குழம்பு வந்தது. பளபளவென்ற வெள்ளிக் கிண்ணம், மேலே ஆவி, ஓரத்தில் வறுத்த வடகம். இராத்திரி முழுக்கக் கிடந்த குழம்பு இவ்வளவு சூடாக ஏன் வரவேண்டும் என்று யோசிக்கத்தான் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். நான் யோசிக்கவில்லை. வடகத்தைத் தின்றுவிட்டு, எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்து ஆணியைப் போட்டேன். அரை மணி காத்திருந்து எடுத்தால், போட்டபடியே இருந்தது.

"செம்பு இல்லை" என்று கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வது போல் சொன்னேன்.

சமையல்காரர் முகம் செத்துப்போனது. கிண்ணத்துக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்ப்பது போலத்தான்.

"தம்பி, பூண்டு இன்னும் ஊறவே இல்லையே. இது இப்ப எறக்குன கொழம்பு. அதுவும் மண்சட்டியில வச்சது. என்னத்தைச் சோதிச்சீக?"

நான் ஆச்சியைப் பார்த்தேன்.

"பின்னே? மெட்ராஸ்ல படிச்ச தம்பிக்குப் பழங்கொழம்பைக் கொடுத்தனுப்பவா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னைய என்ன சொல்லுவாக?"

"நான் திங்கக் கேக்கலை ஆச்சி!"

"வடகத்தை மட்டும் தின்னியே?"

நல்லவேளை, நான் கேட்ட குழம்பு அண்டாவிலேயே கொட்டப்படாமல் கிடந்தது. சமையல்காரரே ஒரு கரண்டி மொண்டு வந்தார். வேறொரு ஆணியைத் தேய்த்துப் போட்டேன். இந்தத் தடவை தீர்ப்பை ஆணியிடமே விட்டுவிட்டேன். எடுத்தபோது ஆணி புதுச் செப்புக்காசு நிறத்தில் இருந்தது.

ஆச்சி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூச்சுக்காரரைக் கூப்பிடாமல் இரண்டு மாசம் தள்ளிப்போட்டது யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வாயெடுத்தேன், சமையல்காரர் என் காலை மிதித்தார்.

ஆச்சி மன்னிப்பெல்லாம் கேட்கிற ஜாதி இல்லை. ஆணியை என் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமைக்கு என்னய்யா சமைக்கப் போறீக?"

"அண்டாவுக்கு ஈயம் பூசட்டும் ஆச்சி, பெறகு சொல்றேன்" என்றார் அவர், தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே.