என்மேல் கேஸ் போடு

1987 ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூடிக்கொண்டு நின்றது, மழை மட்டும் வரவில்லை. ஒரே புழுக்கம். கள்ளக்குறிச்சியில் என் பம்பு செட்டுக் கடை வாசலில் அம்பாசடர் கார் நின்றது. அதன் இன்சூரன்ஸ் அன்றிரவு பன்னிரண்டு மணியோடு முடிகிறது. ஏஜென்ட் பையைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

வழக்கமான தொகையில் தகராறு இல்லை. கூடுதலாக எதைச் சேர்ப்பது என்பதுதான் பேச்சு. கலவரத்தில் சேதமானால் பணம் தரும் ‘ரயட்’ காப்பு ஒன்று. டிரைவருக்கு அடிபட்டு அவன் முதலாளிமேல் வழக்குப் போட்டால், வக்கீலும் நஷ்டஈடும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் ‘லீகல்’ காப்பு இன்னொன்று. இரண்டாவதற்குப் பதினைந்து ரூபாய்.

“ஊரே ரயட் போடுது சார். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ட மறிக்கப் போறாங்க. உளுந்தூர்பேட்டை லாரிக்காரங்க ஒருத்தர் பாக்கியில்ல. நீங்க மட்டும் இன்னா யோசிச்சிக்கினு?”

“மறிக்கப் போறது யாரு?”

“அத எப்பிடி சார் நான் சொல்றது?”

“நான் சொல்றேன். அதோ பானெட்டத் தொடச்சிக்கினு கீறான் பாரு, அவன். அவனோட மாமன், மச்சான். படிச்ச புள்ளைக்கு வேலை குடுன்னு ரோட்ல குந்தப் போறாங்க. அவங்களுக்குக் கலகக்காரன்னு பேரு வெச்சி நான் பணம் கட்டணுமா?”

பின்கட்டிலிருந்து காப்பி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை மேஜையில் வைத்தாள். “பேரு யாரு வெக்கச் சொன்னா? முன்கண்ணாடி இன்னா வெலைன்னு தெரியுமா உங்களுக்கு?”

எனக்குத் தெரியும். எதன் விலை எனக்குத் தெரியாது? ஆனாலும் ரயட் வேண்டாம் என்றேன். டிரைவருக்கான பதினைந்து ரூபாயை மட்டும் சேர்க்கச் சொன்னேன். ஏஜென்ட் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டைப் பூட்டாமல் செருப்புக்குப் பூட்டுப் போடுகிறவன் என்ற தீர்ப்பு இருந்தது.

டிரைவர் துணியை உதறிவிட்டு உள்ளே வந்தான். களமருதூர்க்காரன், முப்பது வயது. ஐந்து வருடமாக என்னிடம் ஓட்டுகிறான். பேசியது முழுவதும் காதில் விழுந்திருந்தது.

“மொதலாளி, என் பேர்ல எதுவும் எழுதாதீங்க.”

“ஏன்?”

“நான் உங்க மேல கேஸ் போடுவேன்னுதான எழுதறீங்க? ஐஞ்சு வருசத்துல நம்ம மேல இம்மாம் நம்பிக்கதானா?”

“போட மாட்டியா?”

“சத்தியமா மாட்டேன்.”

“அப்ப பதினஞ்சு ரூபா தெண்டம். அடிபட்டா போடு. போட்டாத்தான் உனக்குக் கெடைக்கும்.”

அவன் முகம் இறுகிவிட்டது. ஏஜென்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரசீதைக் கிழித்துக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். “ஞாபகம் வெச்சிக்குங்க சார். எதுனா ஆச்சின்னா, ‘ஆமா, நான்தான் பொறுப்பு’ன்னு வாயத் தொறந்துடாதீங்க. அது பாலிசியில இருக்கற நிபந்தனை. பேசறதுக்கு எங்க வக்கீல் இருக்கறாரு.”

தலையாட்டினேன். அவர் போன பிறகு பாலிசியின் பொடி எழுத்தைப் படித்தும் பார்த்தேன். இருந்தது.

செப்டம்பரில் மறியல் தொடங்குவதற்கு முதல் நாள் வெள்ளிமலையிலிருந்து ஆள் வந்தது. நான் விற்ற ஆயில் இன்ஜின் நின்றுபோயிருந்தது. போனோம். வேலை முடிய இருட்டிவிட்டதால் தங்கி, மறுநாள் காலை மலையிறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டி, ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன்மேலும் சுற்றிலும் நாற்பது பேர் இருக்கலாம். எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப். அதன் மூக்கில் சாமந்தி மாலை கட்டியிருந்தது. சாவு வண்டி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறித்தவர்கள் எழுந்து, ஜீப்பை ஓரத்து வயலில் இறக்கி ஏற்றிவிட்டார்கள். ஜீப்பின் பின்சீட்டில் இருந்தவர்கள் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

“மொதலாளி, டிக்கியில மாலை கீது. அம்மா வெச்சி அனுப்புனாங்க. கட்டிடட்டுமா?”

“யாரு செத்தது?”

“எங்கனா யாருனா செத்திருப்பாங்க மொதலாளி. அம்மாம் பெரிய ஊர்ல ஒருத்தருகூடவா?”

“கட்டாத. அவங்க சாவுக்கு மரியாத குடுத்து எழுந்து நிக்கறாங்க. அத வெச்சி அவங்களையே ஏமாத்தறதா? உக்காருவோம். விடும்போது விடட்டும்.”

“இன்னா மொதலாளி நீங்க” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு அவனே இறங்கிப் போய்ப் பேசினான். கூட்டத்தில் அவனுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருந்தான். மாலை இருந்தும் கட்டாமல் காத்திருந்ததை அவனிடம் சொல்லியிருக்கிறான். “பெரியவரு பொய் சொல்லாம குந்திக்கினு கீறாரு, வுடுங்கடா” என்று யாரோ சொல்வது எனக்கே கேட்டது. ஓரத்துக் கிளையை நகர்த்தினால் அம்பாசடர் போய்விடும். நாலு பேர் கை வைத்தார்கள். கிளை அசையவில்லை. நான் ஜன்னலைத் திறந்து, “நீயும் போய் ஒரு கை குடுப்பா” என்றேன்.

அவன் கை வைத்ததும் கிளை புரண்டது. இடக்கை அடியில் மாட்டிக்கொண்டது.

மறித்தவர்களே தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். சொந்தக்காரன்தான் வண்டியை ஓட்டினான். வழியில் இன்னும் இரண்டு இடத்தில் மரம் கிடந்தது. ரத்தத்தைப் பார்த்து, கேட்காமலேயே வழி விட்டார்கள். காருக்கு ஒரு கீறல் இல்லை.

மூன்று விரல்கள் மடங்காமல் போயின. அம்பாசடரில் கியர் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம். அந்தக் கையால் இனி அவன் கியர் போட முடியாது. எந்த வண்டியும் ஓட்ட முடியாது. வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

“கேஸ் போடு” என்றேன். இரண்டு மாதம் இழுத்தான். உப்புத் தின்ற வீட்டின்மேல் வழக்கா என்று அவன் வீட்டில் அழுகை. கடைசியில் நானே அவனை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போய், என்மேல் போட வேண்டிய வழக்குக்கு நானே பீஸ் கட்டினேன். எழுநூற்று ஐம்பது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “இன்னும் யார் யாரு உங்க மேல போடணும், சொல்லுங்க, எல்லாருக்கும் சேத்துக் கட்டிடலாம்” என்றாள்.

அடுத்த ஆண்டு கடலூரில் விசாரணை. என் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்த கம்பெனி வக்கீல் என்னை வராந்தாவில் ஓரமாக அழைத்துப் போனார். நல்ல மனிதர், வெற்றிலை போட்டிருந்தார்.

“சிம்பிள் சார். அவரு டூட்டி கார் ஓட்டறது. மரத்த நவுத்தறது இல்ல. ‘வண்டியிலயே உக்காருன்னேன், மீறிப் போயிட்டான்’னு சொல்லிடுங்க. தள்ளுபடி ஆயிடும். உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல.”

“அவனுக்கு?”

“அவரு எதிர்த்தரப்பு சார்.”

“காலையில ஒரே பஸ்ல, ஒரே சீட்ல வந்தோம்.”

“அத உள்ள சொல்லித் தொலைக்காதீங்க” என்றார் பதறி. “நான் உங்களக் காப்பாத்த வந்திருக்கேன் சார்.”

“யார்கிட்ட இருந்து?”

அவர் வெற்றிலையைத் துப்பப் போனார்.

உள்ளே கேட்டபோது சொன்னேன். நான்தான் அவனை இறங்கச் சொன்னேன். என் காருக்கு வழி விடத்தான் கிளையைத் தொட்டான். என் வேலையில்தான் கை போனது. நான் பொறுப்பு. ஒரு பக்கம் என் வக்கீல் தலையில் கை வைத்தார். மறுபக்கம் என் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். நான் நிமிர்ந்துதான் நின்றேன்.

நஷ்டஈடு உண்டு என்று முடிவாயிற்று. நான் வாயைத் திறந்தது நிபந்தனை மீறல், ஆகவே தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி விலகிக்கொண்டது. உத்தரவு என் ஒருவன் பேரில் வந்தது. அப்பீல் போகலாம் என்றார்கள். அப்பீல் நடக்கிற வரைக்கும் அவன் எதைச் சாப்பிடுவான்? காரை விற்றேன். டிரைவர், முதலாளியின் காரையே விழுங்கிவிட்டான் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அவன் இரண்டு கறவை மாடு வாங்கினான். இப்போதும் ஊர்ப்பக்கம் போனால், “மொதலாளி, அன்னிக்கு அந்த மாலையக் கட்டியிருக்கலாம்” என்பான். “கட்டியிருக்கக் கூடாது” என்பேன். இருவருமே விட்டுக்கொடுப்பதில்லை.

வாயை மூடியிருந்தால் பதினைந்து ரூபாயோடு போயிருக்கும் என்று இன்றும் எனக்கு எடுத்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குக் கூட்டத் தெரியாதா? நஷ்டஈடு பதினெட்டாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு. அவனுடைய வக்கீலுக்கு எழுநூற்று ஐம்பது. காப்புக்குப் பதினைந்து. கட்டாமல் டிக்கியில் வாடிப்போன மாலைக்கு இரண்டு. ஆக மொத்தம் பத்தொன்பதாயிரத்து நானூற்று எண்பத்தைந்து ரூபாய்.