அசனமும் ஆசனமும்

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அம்பத்தூர்ப் பக்கத்துப் பங்குக் கோயில் ஒன்றில் என் முதல் ஞாயிறு. பூசை முடிந்து பெயர் பதிய வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நோட்டைப் புரட்டியபடியே, "இரும்மா" என்றார். நான் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. எங்கள் சாத்தான்குளத்துப் பக்கம் 'இரு' என்றால் உட்கார். இங்கே 'இரு' என்றால் பொறு, நில். கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்வியக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னாமா, மயக்கமா?" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஊரில் இருக்கும் என் சனத்துக்கும், என்னைப்போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்து ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி என்று வாடகை வீடுகளில் கிடப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு வருவது கோபம்கூட இல்லை, அருவருப்பு. அதில் பாதி என்மேலேயே.

இங்கே பண்டிகை என்றால் முதலில் முளைப்பது ஃப்ளெக்ஸ். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் கொஞ்சம், உபயதாரர் பெயர்ப்பலகை பெரிசு. குழந்தை இயேசுவைப் பார்க்க எட்டிக் குனிய வேண்டும். தவக்காலக் கஞ்சி ஊற்றுவதற்கும் வட்டச் செயலாளர் வந்து முதல் அகப்பையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார். சீ, கஞ்சியிலுமா! எங்கள் ஊர் ஒன்றும் பரலோகம் இல்லை. தேரை எந்தத் தெரு தூக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்தான் நாங்களும். ஆனால் அந்தோணியார் திருவிழாவுக்கு அசனம் என்று ஒன்று உண்டு. பெரிய பெரிய அண்டாவில் சோறு பொங்கி, வருகிற அத்தனை பேரும் தரையில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிற சாப்பாடு. தோட்டத்துச் சொந்தக்காரனுக்குப் பக்கத்தில் அவன் கூலியாள் இருப்பான். அந்த ஒருநாள் யாரும் யாரையும் எழுப்ப முடியாது.

போன மழைக்காலத்தில் என் மகள் ஜெனிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வியக்காதான் ஆறு நாளும் காலையில் அயனம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, பப்பாளி இலைச் சாறு எடுத்துவந்து, பிள்ளையின் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தார். நெற்றியில் திருநீறோடு அந்தோணியாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் அவர். ஐந்தாம் நாள் நான் நேர்ந்துகொண்டேன்: பிள்ளை பிழைத்தால் அந்தோணியாருக்கு ஓர் அசனம். அதில் செல்வியக்காவும் ஜெனியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும். பிள்ளை பிழைத்தாள்.

பங்குப்பேரவைச் செயலாளர் லாரன்ஸ் அண்ணனிடம் போனேன். பாடகர் குழு மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணே, திருவிழாவுக்கு எங்க நேர்ச்சையா ஒரு அசனம் போடணும்."

"ஆசனமா? போட்டுடலாம்மா. ஜோரா போட்டுடலாம்."

"எல்லாரும் இருந்து சாப்பிடணும்ணே."

"இருந்து சாப்ட்டுதாம்மா போவாங்க. எங்க போய்டப் போறாங்க? நான் பாத்துக்கறேன், வுடு."

நான் கேட்டது உட்கார்ந்து சாப்பிடுவது. அவர் புரிந்துகொண்டது கிளம்பாமல் சாப்பிடுவது. அசனம் என்ற சொல்லையே அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நான் திருப்தியாக வீட்டுக்கு வந்து ஊரில் இருக்கும் என் கூடப்பிறந்த அக்காவுக்குப் போன் போட்டேன். "நல்லா செய்யிட்டி. எல்லாத்தையும் ஒரே பந்தியில இருத்தணும், கேட்டியா?" என்றாள்.

திருவிழா அன்று கோயில் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். 'திருவிழா சிறப்பு ஆசனம்' என்று எழுதி, கீழே எங்கள் குடும்பப் படம், அதில் பள்ளிச் சீருடையில் ஜெனி. மண்டபத்துக்குள் சிவப்பு வெல்வெட் உறை போட்ட நாற்காலிகள், வெள்ளைத் துணி விரித்த மேசைகள். உபயதாரர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் அங்கே பிரியாணி. மற்ற சனத்துக்கு வெளியே வெயிலில் வரிசை, கையில் பொட்டலம்.

"அண்ணே, அசனம்னா சாப்பாடுண்ணே!"

"சாப்பாடும் கீது, ஆசனமும் கீது. இன்னும் இன்னாமா கொறச்சல்?" என்று என்னை இழுத்துப்போய் நடு நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார். நானும் உட்கார்ந்தேன். ஐயோ, மெத்தென்றுதான் இருந்தது.

ஜெனி எங்கிருந்தோ செல்வியக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளுக்கு நேர்ச்சை தெரியும். லாரன்ஸ் அண்ணன் பாய்ந்து வந்தார்.

"ஏய் செல்வி, எய்ந்துரு. இது கெஸ்ட்டு சேரு. உனக்குப் பொட்டலம் வெளிய கீது, போ."

செல்வியக்கா உடனே எழுந்தார். எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார். புகைப்படக்காரருக்காக வைத்த சிரிப்பு என் முகத்தில் அப்படியே இருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் ஒரு வாய் பிரியாணி எடுத்தேன், தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். இலைக்கு முன்னால் ஆள் பார்க்கிற இவர்கள்மேல் வந்த அருவருப்பா, என்மேலேயா என்று கேட்டால், இரண்டும்தான்.

சாயங்காலம் ஜெனியைக் கூட்டிக்கொண்டு அயனம்பாக்கத்துக்குப் போனேன். ஏரிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. செல்வியக்காவின் அப்பா நாற்று நட்ட வயல்கள் எல்லாம் இப்போது பிளாட்டுகள். வாசலில் எங்களைப் பார்த்ததும் செல்வியக்கா முகம் மலர்ந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா. அங்க நான் பேசியிருக்கணும்."

"அத்த வுடும்மா. எனக்கு இன்னா புச்சா? பாப்பா நல்லாகீதுல்ல, அது போதும். பொட்டலம் அப்டியே கீது, பாப்பா வந்தா துன்னலாம்னு வச்சிகினு இருந்தேன். உள்ள வா." பாத்திரங்களை ஒதுக்கியபடி சொன்னார்: "இரும்மா."

நான் நின்றேன். நாற்காலி வரட்டும் என்று நின்றேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு யோசிக்காமல் தரையில் உட்கார்ந்தவள், அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காத்து நின்றேன். ஜெனியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே பிறந்தவள், தானாகப் போய்த் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

செல்வியக்கா வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதே முந்தானையால் துடைத்தார்.

"வேண்டாம்க்கா, நானும் கீழேயே..."

"ஐயே, சும்மா உக்காரும்மா. கோயிலுக்கே ஆசனம் போட்டவங்க நீங்க. கீழ உக்காந்தா எனக்கு ஒருமாதிரி கீது."

கேலியே இல்லாமல், மனசாரச் சொன்னார். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, ஜெனிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரே பொட்டலத்திலிருந்து இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். என் நேர்ச்சை என் கண்முன்னால் தரையில் நிறைவேறிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் இருந்தேன்.