அம்மா கேட்டு வாங்கிய தோட்டா

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டும் இன்று தன் காலில் நிற்கிறது. எதற்காகவும் இன்னொருவர் வாசலில் போய் நான் நின்றதில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுதத்தான் கை வராது, சொல்ல வாய் வரும். திருப்பதியில் மகன் வீட்டில் உட்கார்ந்து நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். வேர்க்கடலைதான் வெள்ளாமை. கடலை முற்றுகிற நாளில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கிவிடும். ஏர் ஓட்டின மாதிரி ஒரு கொல்லையையே புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். என் நைனா பட்டாளத்திலிருந்து திரும்பியவர். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி ஒரு ரைபிள் வைத்திருந்தார். இன்றைக்கு அதெல்லாம் நடக்காது, அன்றைக்கு நடந்தது. ஏரியின் இந்தக் கரையில் பாறைமேல் படுத்துக்கொண்டு, அந்தக் கரையில் வைத்த சுண்ணாம்புச் சட்டியை உடைப்பார். பன்றி இறங்கினால் பக்கத்து ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அவரைக் கூப்பிடுவார்கள். அந்தத் தாம்பாளத்தை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. வேட்டைக்குப் போகிறவன் தோட்டாவைத் தன் கையால் எடுக்கக் கூடாது. பெண்டாட்டி தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, அவள் கையால் எடுத்துக் கொடுக்கவேண்டும். அவள் கொடுத்ததுதான் தோட்டா, வேறு கேட்கக் கூடாது. அது வெடிக்காமல் போனால் சுட்டவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். கொடுத்த கையைத்தான் சொல்வார்கள்.

அதனால் சித்தூருக்குப் போய்ப் பார்த்து வாங்குவதும் அம்மாவின் வேலையாகிவிட்டது. அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. தோட்டாவின் மூக்கை விரலால் தடவியே ரகம் சொல்வாள். நைனாவுக்கு முழுக்கச் செம்பு மூடினதுதான் ஆசை. அம்மா ஈய மூக்கைத்தான் எடுப்பாள்.

“செம்பு, பன்னியத் தொளைச்சிக்கினு அந்தாண்ட போவும். அங்க எவன் நிக்கிறானோ! ஈயம்னா பன்னியோட நின்னுடும்” என்பாள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு சாயங்காலம் நைனா, அம்மா, நான் மூன்று பேரும் ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நாளாகக் கரைமேல் நடக்கும்போது நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். என்மேல் அவ்வளவு பிரியம் என்று எனக்குப் பெருமை. அந்தக் கரையில் துவரைச் செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ குனிந்து அசைந்தது. நைனா என் தோளிலிருந்து கையை எடுத்தார். ரைபிளைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார்.

“இன்னாங்க, அது பன்னி இல்ல. யாரோ பொம்பள, கெழங்கு தோண்டிக்கினு கீறா” என்றாள் அம்மா.

அவர் இறக்கவில்லை. அம்மா ஓடிப்போய்க் குழாய்க்கு முன்னால் நின்றாள். அவள் மார்பில் அந்தக் குழாய் முட்டியது. அந்தக் கறுப்பு நிமிர்ந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிற்று.

நைனா சிரித்தார். “நான் இன்னாமே குருடனா? சும்மா குறி பாத்தேன்.”

நானும் சிரித்தேன்.

வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டலாம் என்று அதன் பிறகு ஒருநாள் அம்மா மெதுவாகச் சொன்னாள். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாளும் சாப்பிடவில்லை. அதோடு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை.

அந்த வருஷம் கடலை நன்றாகக் காய்த்திருந்தது. பன்றியும் இறங்கிவிட்டது. வழக்கம்போல் தாம்பாளம் வந்தது, நைனாவும் வாங்கிக்கொண்டார். வீட்டுத் தகர டப்பாவில் ஒரு தோட்டாவும் மிச்சம் இல்லை. அம்மா லைசென்ஸ் புத்தகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் பஸ் ஏறினாள்.

கடைக்காரருக்கு எங்களைத் தெரியும். “ஏமம்மா, எப்பவும் போல ஈய மூக்கு தானே?” என்று புதுப் பெட்டியை எடுத்து வைத்தார்.

அம்மா அதைத் தொடவில்லை. “மழையில கூரை ஒழுகி நனைஞ்சி போச்சின்னு போன தபா ஒரு பெட்டிய ஒதுக்கி வச்சீங்களே, அது இன்னும் கீதா?”

“அது எதுக்கம்மா? ஒண்ணுகூட வெடிக்காது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்.”

“வெடிக்காதுன்னு கெட்டியா தெரியுமா?”

“நானே சுட்டுப் பாத்தேன். கிளிக்குனு சத்தம் வருது, அவ்ளோதான். ஊருல யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்ல தாயி. எல்லாரும் வெடிக்குமான்னு கேப்பாங்க.”

“எனக்கு அதான் வேணும்.”

கடைக்காரர் புதுப் பெட்டியை மூடி வைத்தார். உள்ளே போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்தார். அம்மா ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினாள். நல்ல சாமானை விட்டுவிட்டுக் கெட்டதை வாங்குகிறாளே, அம்மாவுக்கு இன்று என்ன வந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவளோ என்னிடம், “நீ எதையும் பாக்கல, தெரியுதா?” என்றாள். அந்தக் குரலுக்குப் பயந்து இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

வேட்டையன்று விடிந்ததும் அம்மா குளித்து ஈரத் தலையோடு விளக்கேற்றினாள். நைனா இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் அதைக் கையிலே வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவினார்.

“பாத்து வாங்கினியாமே?”

“பாத்துத்தான் வாங்கினேன்.”

“சரி” என்றார். அம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் ஏரிக்கரையிலிருந்து பார்த்தேன். மலைப்பக்கம் தப்பட்டை அடித்து விரட்டினார்கள். தாயும் குட்டியுமாகப் பன்றிகள் நைனா படுத்திருந்த பாறைக்கு எதிரே வந்தன. பின்னாலேயே ஆட்களும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சத்தம் வரப்போகிறது என்று நான் காதைப் பொத்தினேன். வரவில்லை. நைனா தோட்டாவை மாற்றி மாற்றிப் போட்டார். பன்றிகள் கடலைக் கொல்லைக்குள் நிதானமாக நுழைந்து போயின.

பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் எங்கள் வாசலில் இருந்தது.

“தோட்டாவா குடுத்தா? சுண்டக்காயில்ல குடுத்துக் கீறா!” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை, நைனாவின் அக்கா, சிரிக்கவில்லை. “எங்கம்மா கையால குடுத்து ஒண்ணு பொய்யானதில்ல. இவ கை இன்னா கையோ! மனசுல எவன நெனச்சிக்கினு குடுத்தாளோ!”

அம்மா தலை குனிந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துக்காரர்; நனைந்த தோட்டா எது என்று கையில் வாங்கினதும் தெரியாமலா இருக்கும்? இன்றைக்கு நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முறைப்படி அந்தக் கையால் இனித் தோட்டா வாங்கக் கூடாது, வேறு கையாலும் கூடாது. ரைபிளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார் நைனா. பிறகு அவர் ரொம்பப் பேசவில்லை. கூப்பிட யாரும் தாம்பாளம் கொண்டுவரவும் இல்லை. அந்த வருஷம் கடலை எல்லாம் பன்றிக்குப் போயிற்று, கூழ் குடித்துக் கழித்தோம். அம்மாவை விதை எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுவது நின்றது. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை அவள் பக்கம் நீட்டமாட்டார்கள். சாகிற வரைக்கும் அப்படித்தான். அம்மாவின் கூடப் பிறந்தவள் பெண்ணுக்கு மஞ்சள் இடக்கூட அவளை எழுந்து வரச் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு அம்மா எனக்குக் களி உருட்டிக் கொடுத்தாள். நான் கேட்டேன், “யம்மா, உன் கை ராசியில்லாத கையா?”

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். “ஆமாண்டி, ராசியில்லாத கைதான். இருந்துட்டுப் போவுது. நீ துன்னு.”

தின்றேன். பசி. ஒருத்தி அந்தப் பெயரைச் சித்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவாளா என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

போதும் கண்ணு, எழுதுவதை நிறுத்து. எழுதினதைத் தொடக்கத்திலிருந்து படி. அந்தக் கையைப் பற்றி ஊர் சொன்னதை நான் சொன்னதாக எங்கேயாவது எழுதிவிட்டாயா என்று கேட்கவேண்டும்.