சீர் வண்டிக்கு ஒரு செயின்

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீராகப் பெண் வீட்டார் பைக் வாங்கிக் கொடுத்தால், அது மாப்பிள்ளையின் வண்டி. ரிப்பேரானால் மட்டும் மறுபடியும் பெண் வீட்டாரின் வண்டி. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது, உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இதை மீறிய ஆளை நான் பார்த்ததில்லை. என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு டயர், பேட்டரி, ஒருமுறை வெறும் ஹாரன், எது போனாலும் தென்னேரியில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும்.

போன தை மாதம் வந்த போன் செயினுக்கு.

"மச்சான், உங்க வூட்டு வண்டி செயின் கழண்டு கழண்டு விழுது. வந்து இன்னான்னு பாருங்க" என்றார் மாப்பிள்ளை.

சனிக்கிழமை லீவில் போய்ப் பார்த்தேன். செயின் தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க ஸ்பிராக்கெட் என்கிற பற்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தன. இனி இறுக்கிப் பிரயோஜனமில்லை. செயினை மட்டும் மாற்றினாலும் தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும். செயின், முன்னால் இருக்கும் சின்னப் பற்சக்கரம், பின்னால் இருக்கும் பெரியது என்று மூன்றையும் சேர்த்து மாற்றவேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாய் கடையில் மூன்றும் ஒரே டப்பாவில் செட்டாகக் கிடைக்கும். வாங்கி மாட்ட அரைநாள் போதும்.

அவசரம் என் தங்கைக்கு. அவள் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ் உத்திரமேரூரிலிருந்து கிளம்பிவிடும். அவள் கிராமத்திலிருந்து அந்த நேரத்துக்கு வேறு பஸ் இல்லை, மாப்பிள்ளைதான் பைக்கில் கொண்டுபோய் விடுவார். செயின் கெட்டதிலிருந்து அவள் வீட்டோடு இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் போகட்டுமே என்றால் ஊர் நாலு விதமாகப் பேசுமாம்.

"ரொம்ப நாளு லீவு போட்டா வேற ஆளு போட்டுடுவாங்கண்ணா" என்று அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"கிளம்புங்க மாப்ள, இப்பவே போய் வாங்கிடலாம்" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டின் உள்பக்கம் பார்த்தார். அவருடைய அம்மாதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "சனிக்கெளம யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா தம்பி? வூட்டுக்கு ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை பாய் கடை கிடையாது. சரி, வாரநாளில் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பணம் நான் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய மனுஷத்தனமாகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு.

மாப்பிள்ளை ஆராய்ச்சியில் இறங்கினார். வண்டிக் கம்பெனி செயினா, வெளிக் கம்பெனி செயினா? இதற்கே இரண்டு நாள். பிறகு டீக்கடையில் யாரோ தங்க கலர் செயின்தான் துருப்பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் செவ்வாய்க்கிழமை வந்தது, அன்றைக்கு எதுவும் வாங்கக்கூடாது. வெள்ளிக்கிழமை வந்தது, அன்றைக்கு வீட்டிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. காசு என் வீட்டிலிருந்துதான் போகிறது என்றேன். "இருந்தாலும் மச்சான்" என்றார்.

பிறகு பல் விவகாரம். "பின்னாடி ரெண்டு பல்லு ஜாஸ்தியா போட்டா மூட்டை ஏத்திக்கினு போறப்ப நல்லா இழுக்குமாம் மச்சான்."

"இழுக்கும். வேகம் குறையும், பெட்ரோலும் குடிக்கும். இருக்கிற அளவே போடுங்க."

"அதான் யோசிச்சிக்கினு கீறேன்."

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று தலையாட்டிய மனிதர் இவர். இரண்டு பல்லுக்கு ஒரு வாரம் யோசித்தார்.

இப்படியே இரண்டு வாரம் போனதும் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். உத்திரமேரூர் ஏரிக்கரை ரோட்டில் எதிரே ஒரு பைக் கடகடவென்று வந்தது. டேங்க் மேல் ஒரு நெல் மூட்டை, பின்னால் ஒரு நெல் மூட்டை, நடுவில் மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"மில்லுக்கு மச்சான். மெதுவா போனா ஒண்ணும் ஆவாது."

என் தங்கையின் எடை ஒரு மூட்டை நெல்லைவிடக் குறைவு. அவளை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை மெதுவாகப் போக மட்டும் அந்தச் செயினுக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்குப் போனேன். வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. என் தங்கை அறுப்பு ஆட்களுக்காகப் பெரிய குண்டானில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை, என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அவள் மாமியார் எனக்கு மோர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"செயினுக்கு இன்னா அவசரம் தம்பி? அறுப்பு முடியட்டும். இவ வூட்ல இருந்தா எனக்கும் ஒத்தாசையா கீது. அவனாண்டயும் அதான் சொல்லி வச்சேன்."

மறைத்துப் பேசவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, தங்க கலர், ரெண்டு பல்லு, எல்லாம் இந்தக் குண்டானுக்காகத்தான். நானும் தினமும் போனில் உட்கார்ந்து பல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மோரைக் குடிக்காமல் நேராகப் பாய் கடைக்குப் போனேன். விஷயம் கேட்டதும் பாய் சிரித்துவிட்டார். "உங்க மாப்பிள்ளையா? டெய்லி வராரு சார். டப்பாவ தொறந்து பாக்கறாரு, தடவி பாக்கறாரு, மூடி வச்சிட்டு நாஷ்டா துன்ன போயிடறாரு. ஒரே பேஜாரு. அவர நான் வெல தெரிஞ்சிக்க வந்த வேற கடக்காரருன்னு நெனச்சேன்."

செட்டை வாங்கினேன். மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்து, மூட்டை இறக்கிவிட்டு வந்த வண்டியை வாசலிலேயே பிரிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை பதறினார்.

"மச்சான், சனிக்கெளம!"

"அந்தச் சனி என்னையே பிடிக்கட்டும் மாப்ள. உங்க வீட்டில் ஏற்கெனவே இடமில்லை."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. சக்கரத்தைச் சுற்றினால் சத்தமே இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு யாருமே சத்தம் போடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகச் சொல்லி, மாப்பிள்ளை கேட்கும்படியே தங்கையிடம் உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை நான் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது தங்கை போன் செய்தாள். பின்னால் லாரி சத்தம் கேட்டது.

"வண்டி நல்லா ஓடுச்சுண்ணா. கரெக்டா கொண்டாந்து பஸ் ஏத்திட்டாரு."

"அப்புறம் என்ன?"

"கம்பெனி கேட்டுலயே நிறுத்திட்டாங்க. என் எடத்துல போன வாரமே வேற பொண்ண சேத்துட்டாங்களாம்."

தட்டைத் தள்ளி வைத்தேன். "மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினியா? வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

"இன்னும் சொல்லலண்ணா. சொன்னா அவரு சந்தோஷப்படுவாரு. அத பாக்கத்தான் எனக்குத் தெம்பு இல்ல."