கிழிக்காமல் போட்ட கடிதங்கள்

இன்று காலை சேலையூர் பழைய பேப்பர் கடையில் ஒரு கடிதக் கட்டு கிடைத்தது. முன்பின் தெரியாதவர்களின் கடிதங்களையும் போட்டோக்களையும் வாங்கிப் பத்திரப்படுத்தும் என் கிறுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எல்லாம் இன்லண்ட் லெட்டர். நடுவில் ஒரு ஸ்டுடியோ போட்டோ. சிரிப்பை அடக்கத் தெரியாத ஓர் இளம்பெண். அதை மட்டும் உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது ஸ்கூட்டியில் ஓர் அம்மா பதறிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும்.

"நேத்து போட்ட பேப்பரோட என் லெட்டர் கட்டும் வந்துடுச்சுப்பா. இருக்கா?"

கடைக்காரர் என்னைக் காட்டினார். "தோ, சார் கைல கீதே, அதானா பாருக்கா."

கொடுத்துவிட்டேன். மனசே இல்லை. ஆனாலும் உரியவரிடம் போகிறதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர் அங்கேயே நின்று ஒவ்வொரு கடிதத்தையும் நான்காகக் கிழித்தார். கிழித்ததைத் திரும்பவும் தராசுத் தட்டிலேயே போட்டார்.

"ஐயோ, ஏங்க கிழிக்கறீங்க?"

"கிழிச்சுட்டுத்தான் சார் போடணும். அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். நேத்துலேர்ந்து சோறே எறங்கல."

நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கும் நாலு பெட்டிக் கடிதங்களில், கிழிக்க மறந்தவர்கள் எத்தனை பேரோ! வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

போட்டோ இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதில் இருப்பது அவர்தானா என்றும் தெரியவில்லை. கடையில் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"கிழிச்சுடு" என்று கமெண்ட் போடப் போகிறவர்கள், முதலில் உங்கள் பீரோவில் இருப்பதில் ஒன்றைக் கிழித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.